டோக்கியோவுக்கு வெளியே ஓர் இரவு: யதாய், ஸ்நாக், கியாபாகுரா, எதற்குப் போவது?

ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாகன ஆலைகளில் இருந்து பயிற்சிக்கு ஜப்பான் போகிறவர்கள் எல்லாரும் டோக்கியோவில் இறங்குவதில்லை. ஹமமட்சு, இவாதா மாதிரி ஆலை ஊர்களில் கம்பெனி விடுதி, ஷிஃப்ட், சைக்கிள் என்று மாதக்கணக்கில் இருக்க வேண்டிவரும். சுற்றுலாக்காரர்களும் இப்போது சப்போரோ, கனஸவா, ஃபுகுவோகா என்று போகத் தொடங்கிவிட்டார்கள். பகலில் எங்கே போவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி, ஏழு மாடி உயரத்துக்கு நியான் பலகைகள் அடுக்கி நிற்கும் தெருவில், ஒன்றையும் வாசிக்கத் தெரியாமல் நிற்கிறவருக்குத்தான் ஆளில்லை. எந்தக் கடையில் உள்ளே விடுவார்கள், எங்கே பர்ஸ் காலியாகும், எங்கே வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்ற குழப்பத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை வாசலில் எழுதியிருக்கும் கடைக்குத் தனியாகப் போகலாம். விலை எழுதாத கடைக்கு உள்ளூர்க்காரர் ஒருவரோடு போக வேண்டும். தெருவில் யாரோ கூப்பிட்ட கடைக்கு யாரோடும் போகக் கூடாது. மற்றதெல்லாம் இந்த மூன்றுக்குமான விளக்கம்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, கதவு. ஜப்பானியர் அல்லாத ஒருவர், அறிமுகம் இல்லாமல், மொழி தெரியாமல் வந்தால் உட்கார இடம் கொடுப்பார்களா?

இரண்டாவது, விலை முன்கூட்டியே தெரியுமா என்பது. கடை விலை அதிகமா குறைவா என்பது இதற்கு அப்புறம்தான். தெரிந்தே பத்தாயிரம் யென் செலவழித்தவர் அதைப் பற்றிப் புலம்புவதில்லை. மூவாயிரம் என்று நினைத்து உட்கார்ந்து முப்பதாயிரம் கட்டியவர்தான் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, அந்தக் கடை எந்த உரிமத்தில் நடக்கிறது என்பது. இது வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத விஷயம்போலத் தோன்றும். ஆனால் கடை எத்தனை மணிக்கு மூட வேண்டும், பெண்கள் பக்கத்தில் உட்காரலாமா, போலீஸ் எப்போது வரும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நான்காவது, திரும்பி வரும் வழி. டோக்கியோவிலேயே ரயில் நள்ளிரவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சிறு ஊர்களில் 11 மணி சுமாருக்கே கடைசி ரயில் போய்விடும், பேருந்து அதற்கும் முன்னால். ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஓடவே ஓடாது.

## கதவு ஏன் மூடுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதை ஒரே காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் காரணங்கள் மூன்று இருக்கின்றன.

ஒன்று, பல கடைகள் அறிமுகம் இல்லாத ஜப்பானியரையும் விடுவதில்லை. 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று ஒரு சின்னப் பலகை கதவில் இருக்கும். உறுப்பினர் அட்டை, சந்தா எதுவும் கிடையாது. முகம் தெரியாதவர்களை மரியாதையாக நிறுத்துவதற்கான வழி அது. எட்டு நாற்காலி உள்ள கடையில் பத்து வருடமாக வருகிறவர்களே எட்டுப் பேர் இருந்தால், புதிதாக வருபவருக்கு இடம் கிடைக்காது. ஒசாகாவில் இருந்து வந்த விற்பனைப் பிரதிநிதிக்கும் இதே கதிதான்.

இரண்டாவது, மொழி. விலை எழுதி வைக்காத கடையில், கணக்கை விளக்கும் வார்த்தை இல்லாவிட்டால் கடைசியில் சண்டை வரும் என்று கடைக்காரர் பயப்படுகிறார். கையைப் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டினால் பெரும்பாலும் அர்த்தம் 'எனக்கு உங்களிடம் பேசத் தெரியாது' என்பதுதான்.

மூன்றாவது, அப்பட்டமான பாகுபாடு. இதையும் மறைக்க வேண்டியதில்லை. இது நீதிமன்றம் வரை போன பிரபலமான இரண்டு வழக்குகளும் டோக்கியோவில் நடந்தவை அல்ல, இந்த மாதிரி ஊர்களில்தான் நடந்தன. 1998-ல் ஹமமட்சுவில் ஒரு நகைக்கடையில், பிரேசில் நாட்டுக்காரர் என்று தெரிந்ததும் ஒரு பெண் பத்திரிகையாளரை வெளியே போகச் சொன்னார்கள். அவர் வழக்குப் போட்டார். 1999 அக்டோபரில் 15 லட்சம் யென் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அடுத்தது ஹொக்கைடோவின் துறைமுக ஊரான ஒதாரு. ரஷ்ய மாலுமிகளோடு வந்த தகராறைக் காரணம் காட்டி ஒரு பொதுக் குளியலகம் 'ஜப்பானியருக்கு மட்டும்' என்று பலகை மாட்டியது. வழக்குத் தொடுத்த மூவரில் அமெரிக்காவில் பிறந்த ஒருவர், ஜப்பானியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு மறுபடி போனார். அப்போதும் விடவில்லை. 2002 நவம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் யென் கொடுக்கச் சொன்னது. ஆனால் நகராட்சியின் மீது பொறுப்பு இல்லை என்றும் சொல்லிவிட்டது.

இரண்டிலும் வாதிகள் ஜெயித்தார்கள் என்றாலும், தனியார் கடை இன அடிப்படையில் ஆளைத் தடுப்பதை நேரடியாகக் குற்றமாக்கும் தேசியச் சட்டம் ஜப்பானில் கிடையாது. 1995-ல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் சேர்ந்ததும், சிவில் சட்டத்தின் இழப்பீட்டுப் பிரிவும்தான் அந்தத் தீர்ப்புகளுக்கு அடிப்படை. ஆக, வாசலில் நின்று சட்டம் பேசி அன்றைக்கு ராத்திரி எந்தக் கதவும் திறக்காது. வருடக்கணக்கில் வழக்கு நடத்தத் தயாராக இருப்பவருக்கு மட்டும்தான் அந்த வழி.

சரி, கடைகளுக்கு வருவோம்.

## இஸகாயா, யொகொச்சோ, யதாய்

மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் மூன்றிலும் கதவுப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. இஸகாயா என்பது சாப்பாடும் குடியும் கலந்த கடை. யொகொச்சோ என்பது அப்படிப்பட்ட சின்னக் கடைகள் வரிசையாக இருக்கும் சந்து. யதாய் என்றால் தெருவோரத் தள்ளுவண்டிக் கடை.

யதாய்க்கு ஃபுகுவோகாதான் தலைநகர். தென்ஜின், நகஸு, நகஹமா என்று மூன்று இடங்களில் சுமார் நூறு வண்டிகள். போருக்குப் பிறகு முளைத்தவை. நடுவில் அழிந்துவிடும் என்ற நிலை வந்தது. குடும்பத்துக்கு வெளியே உரிமத்தை மாற்ற முடியாது என்பதுதான் காரணம். 2013-ல் நகராட்சி யதாய்க்கென்றே ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்து, பொது விண்ணப்பம் மூலம் புதியவர்களையும் உள்ளே விட்டது. விலையை வெளியே எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதிகளில் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. பத்துப் பேர் உட்காரும் பெஞ்சு, தோளோடு தோள் இடிக்கும், அதனால் பேச்சு தானாக வந்துவிடும். மழை, காற்று என்றால் கடை வராது. கழிப்பறை கிடையாது, பக்கத்துப் பொதுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். ஒரு கிண்ணம் ராமென் சாப்பிட்டு ஒரு பீர் குடித்துவிட்டு எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவதுதான் மரியாதை. ராத்திரி முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அங்கே அநாகரிகம்.

வடக்கே ஒபிஹிரோவில் 2001-லும், ஹச்சினோஹேயில் ஷின்கான்சென் வந்த 2002-லும், ஊர் மையத்தை உயிர்ப்பிப்பதற்காகவே யதாய்ச் சந்துகளைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். வெளியூர்க்காரர்களுக்காகவே உருவான இடங்கள் என்பதால் முகம் தெரியாதவர் வந்தால் யாரும் திகைப்பதில்லை. ஷிகோகுத் தீவில் கோச்சி நகரத்து ஹிரோமே சந்தை இன்னொரு வகை. 1998-ல் திறந்தது. கடைகள் சுற்றிலும், பொது மேசைகள் நடுவிலும் இருக்கும். எங்கே வாங்கினாலும் எங்கேயும் உட்காரலாம். பகலிலேயே பீர் ஓடும், ராத்திரி சீக்கிரம் மூடிவிடும். தனியாகப் போகிறவருக்கு ஜப்பான் முழுக்க நான் முதலில் கைகாட்டும் இடம் இதுதான்.

மறைந்திருக்கும் செலவு இங்கே சின்னது. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வைப்பார்கள். அதன் பெயர் ஒதோஷி; இருக்கைக் கட்டணம் அந்த வடிவத்தில் வருகிறது, 300 முதல் 500 யென் வரை. வேண்டாம் என்று சண்டை போடாதீர்கள். 'நொமிஹோதாய்' என்பது நேரம் குறித்த அளவில்லாக் குடி. இரண்டு மணி நேரத்துக்கு 2,000 யென் சுமாரில் தொடங்கும். கூட்டமாகப் போனால் லாபம், தனி ஆளுக்குப் பெரும்பாலும் நட்டம். குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம், ஊலாங் டீயை ஆர்டர் பண்ணிவிட்டு மூன்று மணி நேரம் உட்காரலாம். சைவர்களுக்குத்தான் கஷ்டம். காய்கறி என்று நம்பி வாங்கும் பாதிப் பண்டங்கள் மீன் சாற்றில் வெந்தவை, டோஃபுவின் மேலும் கருவாட்டுச் சீவல் தூவியிருப்பார்கள். எடமாமே என்ற அவித்த பச்சை சோயா பாதுகாப்பானது.

## ஸ்நாக்

சிறு நகரத்து இரவின் மையம் இதுதான். வெளிநாட்டவர் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். பெயரைப் பார்த்துத் தீனிக் கடை என்று நினைப்பவர்களும் உண்டு, வெளிச்சத்தைப் பார்த்து வேறு மாதிரிக் கடை என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. 'மாமா-சான்' என்று அழைக்கப்படும் பெண்மணி ஒருவர் நடத்தும் சின்ன மதுக்கடை. நீளமான கவுன்ட்டர், அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஊர்ப் பெரியவர்கள், மூலையில் கரோக்கே. 1964 ஒலிம்பிக்ஸ் சமயத்தில் நள்ளிரவு மதுக்கடைகளுக்குக் கெடுபிடி வந்தபோது, கொஞ்சம் தின்பண்டமும் வைத்து உணவுக்கடை என்ற பெயரில் தொடர்ந்தவைதான் இவற்றின் முன்னோடிகள். பெண்கள் உபசரிக்கும் பெரிய கடைகள் இல்லாத ஊரில்கூட இரண்டு ஸ்நாக் இருக்கும். கியூஷுவின் மியஸாகியில் ஆள் கணக்குக்கு ஸ்நாக் மிக அதிகம் என்று பெயர். அங்கே நிஷிதாச்சி என்ற பகுதியில் நடந்தால் நம்பத்தான் தோன்றும்.

கதவுப் பிரச்சினை இங்கேதான் உச்சம். சன்னல் கிடையாது. கனமான கதவு. உள்ளே யார், எத்தனை பேர், என்ன விலை என்று எதுவும் வெளியே தெரியாது. தள்ளித் திறந்தால் எட்டுத் தலைகள் திரும்பிப் பார்க்கும். திறந்து, தலையை மட்டும் நீட்டி, ஓர் ஆள் என்று விரலைக் காட்டி, விலை என்ன என்று கேட்டுவிட்டு அப்புறம் உட்காருவதில் எந்தத் தவறும் இல்லை. ஜப்பானியரும் அதைச் செய்கிறார்கள். 'செட்' என்று ஒரு தொகை சொல்வார்கள், சிறு ஊரில் 2,000 முதல் 4,000 யென் வரை. அதில் ஐஸ், தண்ணீர், தின்பண்டம், சில இடங்களில் குடியும் அடக்கம். அது மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரோக்கே பாட்டுக்கு 100, 200 யென் தனியாக இருக்கலாம். மாமா-சானுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பது வழக்கம், அது உங்கள் கணக்கில் ஏறும். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதி நீட்டுவார்கள், விவரம் இருக்காது. பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவது நல்லது. டிப்ஸ் கிடையாது.

அதே கதவு, உள்ளூர் சக ஊழியரோடு போனால் முதல் நிமிடத்திலேயே திறக்கும். இரண்டாம் தடவை தனியாகப் போனாலும் உங்கள் பெயர் அங்கே ஞாபகம் இருக்கும். மாதக்கணக்கில் தங்குபவருக்கு ஸ்நாக்கைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை என்பது என் கட்சி. ஒரு பாட்டில் வாங்கிப் பெயர் எழுதிக் கடையிலேயே விட்டுவிடலாம், 'போட்டில் கீப்' என்பார்கள். அடுத்தடுத்த தடவை செட் கட்டணம் மட்டும்தான். மூன்று நாள் சுற்றுலாப் பயணிக்கு இதனால் ஒரு பலனும் இல்லை. பெண்கள் தனியாகப் போக யோசிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் யாராவது எல்லை மீறினால் முதலில் அதட்டுவது மாமா-சான்தான். தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் கேட்டால், வெளிநாட்டவரை வரவேற்கும் ஸ்நாக் ஒன்றைச் சொல்வார்கள், சிலர் போனே பண்ணித் தருவார்கள்.

புகைதான் பெரிய தொல்லை. 2020 ஏப்ரலில் உணவகங்களுக்குள் புகைப்பதற்குத் தடை வந்தாலும், ஏற்கெனவே இருந்த சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. பெரும்பாலான ஸ்நாக்குகள் அந்த விலக்கில்தான் ஓடுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

## லைவ் ஹவுஸ், கிளப், பார்

சுருக்கமாகவே சொல்லலாம். டிக்கெட் வாங்கினால் உள்ளே, அவ்வளவுதான். லைவ் ஹவுஸில் (நேரடி இசைக் கச்சேரி நடக்கும் சின்ன அரங்கு) டிக்கெட்டோடு 600 யென் சுமார் ஒரு பானத்துக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும்; அதைத் தவிர மறைந்த செலவு இல்லை. கிளப்பில் வயது பார்ப்பார்கள். ஜப்பானில் 2022 முதல் 18 வயதில் ஒருவர் மேஜர், ஆனால் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் 20 என்பது மாறவில்லை. சுற்றுலாப் பயணி பாஸ்போர்ட்டையும், அங்கே வசிப்பவர் வசிப்பு அட்டையையும் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், எனவே 'ரூமில் இருக்கிறது' என்ற பதில் எங்கேயும் செல்லாது.

ராத்திரி முழுக்க நடனம் என்பது பல பத்தாண்டுகளாகச் சட்டத்தின் ஓரத்தில் நடந்த விஷயம். 2015-ல் திருத்தி 2016 ஜூனில் அமலுக்கு வந்த பிறகுதான், 10 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருந்தால் நள்ளிரவுக்குப் பின்னும் மது, நடனம் இரண்டும் உண்டு என்று ஆனது. ஆனாலும் சப்போரோ, நகோயா, ஃபுகுவோகா அளவுள்ள ஊர்களைத் தாண்டினால் நல்ல கிளப் அரிது. பார் விஷயத்தில் விலைப்பட்டியல் இருக்கிறதா, 'சார்ஜ்' என்று இருக்கைக்குத் தனித் தொகை உண்டா என்று மட்டும் பாருங்கள்.

## கியாபாகுரா, கேர்ள்ஸ் பார்

சப்போரோவின் சுசுகினோ, செந்தாயின் கொகுபுன்ச்சோ, ஹிரோஷிமாவின் நகரேகவா, ஃபுகுவோகாவின் நகஸு, ககோஷிமாவின் தென்மொன்கன் என்று ஒவ்வொரு பெரிய ஊருக்கும் ஓர் இரவுக் கேளிக்கைப் பேட்டை உண்டு. பேட்டைகளின் பளபளப்புக்குக் காரணம் இந்தக் கடைகள். கியாபாகுராவில் அலங்காரம் செய்துகொண்ட பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மது ஊற்றி, பேசுவார்கள். தொடுவதற்கு அனுமதி இல்லை. விற்பது பேச்சு. ஜப்பானிய மொழி தெரியாதவர் இந்தக் கடைக்குப் போய் என்ன வாங்குகிறார் என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதவைப் பொறுத்தவரை கடைக்குக் கடை மாறும். சுசுகினோவிலும் நகஸுவிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர் பழக்கம். சிறு ஊரில் ஜப்பானியர் ஒருவர் கூட இருந்தால்தான் விடுவோம் என்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம் கணக்கு. பலகையில் 60 நிமிடம் 5,000 யென் என்று இருக்கும். அதன்மேல் வரி, சேவைக் கட்டணம் என்று 20 முதல் 30 சதவீதம். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் அதற்கு ஒரு தொகை. அவர் குடிக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு தொகை. நேரம் முடிந்ததும் யாரும் எழுப்பாவிட்டால் தானாக நீட்டிப்பு. சட்டப்படி நடக்கும் ஒழுங்கான கடையிலேயே 5,000 என்று உட்கார்ந்தவர் 20,000 கொடுத்துவிட்டு எழுவது சாதாரணம். உட்காரும்போதே 'ஒரு செட், நீட்டிப்பு வேண்டாம்' என்று சொல்லிவிட வேண்டும்.

உரிமம் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் உதவும். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து உபசரிக்கும் கடைக்கு 1948-ல் வந்த கேளிக்கைத் தொழில் சட்டப்படி மாகாண பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற கடை நள்ளிரவிலோ, சில பகுதிகளில் 1 மணிக்கோ மூட வேண்டும். 18 வயதுக்குக் கீழ் யாரையும் உள்ளே விடக் கூடாது. கேர்ள்ஸ் பார் வேறு வகை: பின்னிரவில் மது விற்கும் உணவகம் என்ற அறிவிப்பின் கீழ் நடக்கும், விடிய விடியத் திறந்திருக்கலாம், ஆனால் பணிப்பெண்கள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். வாடிக்கையாளரோடு சேர்ந்து டூயட் பாடுவதையே போலீஸ் 'உபசரிப்பு' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆக, அதிகாலை 3 மணிக்கு ஒருவர் வந்து 'பெண்கள் பக்கத்தில் உட்காரும் கடை, வாருங்கள்' என்று கூப்பிட்டால், அந்தக் கடை விதியை மீறித்தான் நடக்கிறது. விதியை மீறும் கடை உங்கள் பில்லில் மட்டும் நேர்மையாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

தெருவில் கூப்பிடுபவருக்குக் 'கியாக்குஹிகி' என்று பெயர். இப்படி ஆள் பிடிப்பதைச் சட்டமே தடுக்கிறது, பல நகராட்சிகள் தனியாகவும் தடை போட்டிருக்கின்றன. பெரும்பாலும் 'ஒரு மணி நேரம் 3,000, எல்லாம் அடக்கம்' என்பார்கள். உள்ளே போனபின் அந்த வாக்குறுதிக்கும் கடைக்கும் சம்பந்தம் இல்லை. இப்படிக் கொள்ளையடிக்கும் கடைக்குப் 'பொத்தகுரி' என்று பெயர். 'இலவசத் தகவல் மையம்' என்று பளிச்சென்ற பலகையோடு இருக்கும் கடைகளையும் சுற்றுலா அலுவலகம் என்று எண்ண வேண்டாம், கடைகளிடம் காசு வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பும் விளம்பர இடங்கள் அவை. மாட்டிக்கொண்டால் கார்டை யார் கையிலும் கொடுக்காமல், பக்கத்துக் கோபானுக்கு (தெருவோரச் சின்னக் காவல் நிலையம்) போவோம் என்று சொல்லி வெளியே வாருங்கள், அல்லது 110-ஐ அழையுங்கள். பில் தகராறு சிவில் விவகாரம் என்று போலீஸ் ஒதுங்கலாம். ஆனாலும் கடைக்குள் பேசுவதைவிட போலீஸ்காரர் முன்னால் பேசும்போது தொகை குறையும்.

எப்போது இது சரியான தேர்வு? அலுவலகம் அழைத்துப் போய், அலுவலகம் பணம் கட்டும் இரவில். வேறு சமயத்தில் அந்தக் காசுக்கு மூன்று ஸ்நாக் இரவு கிடைக்கும்.

## பாலியல் சேவைக் கடைகள்

வெட்கப்பட்டுக்கொண்டு பலர் கேட்பது இதைப் பற்றித்தான், அதனால் தவிர்க்காமல் சொல்கிறேன். 1956-ல் நிறைவேறி, 1958 ஏப்ரலில் தண்டனைப் பிரிவுகளும் அமலுக்கு வந்த சட்டப்படி, ஜப்பானில் விலைக்கு உடலுறவு தடைசெய்யப்பட்டது. அந்தச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கும் சேவைகள் என்ற பெயரில் கடைகள் வேறொரு சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டு நடக்கின்றன. இந்த வகைக் கடைகள்தான் வெளிநாட்டவரை வெளிப்படையாகவே மறுக்கின்றன. மொழி, தகராறு, நோய் பயம் என்று காரணங்கள் சொல்வார்கள், கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் வெறும் முன்முடிவு.

விதிவிலக்காக 'வெளிநாட்டவர் வரலாம்' என்று தெருவில் அழைக்கும் இடங்களில் விலை தனி, ஏமாற்று தனி. உள்ளே இருக்கும் பெண் தன் விருப்பத்தோடு அங்கே இருக்கிறாரா, கடனுக்காக இருக்கிறாரா என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வழியே இல்லை. ஆண்கள் பெண் வாடிக்கையாளர்களை உபசரிக்கும் ஹோஸ்ட் கிளப்புகளில் கடன் ஏற்றிப் பெண்களை இந்தத் தொழிலுக்குத் தள்ளுவது எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், அதைத் தடுக்கவே 2025 ஜூனில் கேளிக்கைத் தொழில் சட்டத்தைத் திருத்தி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கதவு, விலை, உரிமம் மூன்றிலும் தோற்கும் ஒரே வகை இது. இதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை.

இதோடு ஒட்டிய ஒரு எச்சரிக்கை மாணவர்களுக்கு. படிப்பு விசாவில் வாரம் 28 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம், ஆனால் கேளிக்கைத் தொழில் சட்டத்தின் கீழ் வரும் கடைகளில் கூடாது. கியாபாகுராவில் பாத்திரம் கழுவினாலும் மீறல்தான்.

## ஒரே பார்வையில்

| இடம் | தனியாகப் போனால் | ஒருவருக்குச் செலவு (சுமார்) | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| இஸகாயா, யதாய் | விடுவார்கள் | 2,000–4,000 யென் | ஒதோஷி, மழை நாள் |
| ஸ்நாக் | பாதிக்குப் பாதி | 3,000–6,000 யென் | விலை எழுதியிருக்காது, புகை |
| லைவ் ஹவுஸ், கிளப் | விடுவார்கள் | 3,000–5,000 யென் | வயதுச் சான்று, கடைசி ரயில் |
| கேர்ள்ஸ் பார் | பெரும்பாலும் விடுவார்கள் | 4,000–10,000 யென் | பணிப்பெண்ணின் பானம் |
| கியாபாகுரா | கடையைப் பொறுத்து | 15,000 யென்னுக்கு மேல் | நீட்டிப்பு, சேவைக் கட்டணம், ஆள் பிடிப்பவர் |

## திரும்பி வருவது

எந்தக் கடையானாலும் இந்தச் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி 10 மணி முதல் காலை 5 வரை டாக்ஸிக்கு 20 சதவீதம் கூடுதல். சொந்தக் காரில் போகிறவர்களுக்காகச் சிறு ஊர்களில் 'தைகோ' என்ற சேவை இருக்கிறது. இரண்டு பேர் ஒரு காரில் வருவார்கள், ஒருவர் உங்கள் காரை ஓட்டிக்கொண்டு உங்களை வீட்டில் விடுவார், மற்றவர் பின்னாலேயே வந்து அவரை அழைத்துப் போவார். குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு மட்டும் தண்டனை என்று இல்லை. அவருக்கு ஊற்றிக் கொடுத்தவருக்கும், தெரிந்தே அவர் காரில் ஏறியவருக்கும் உண்டு.

விடுதியில் இருந்து சைக்கிளில் போகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். 2024 நவம்பர் முதல், மூச்சில் ஒரு லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் மது இருந்து சைக்கிள் ஓட்டினாலே 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். வேலை விசாவில் இருப்பவருக்கு ஒரு குற்றப் பதிவு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. குடித்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள்.

## யாருக்கு எது

இரண்டு, மூன்று நாள் பயணம், தனி ஆள், மொழி தெரியாது என்றால் யதாய், யொகொச்சோ, ஹிரோமே மாதிரிச் சந்தை. யோசிக்கவே வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் முதல் வாரமே ஆலையில் மூத்தவர் ஒருவரிடம் 'நீங்கள் போகும் ஸ்நாக்குக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள்' என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் சந்தோஷமாகக் கூட்டிப்போவார், முதல் நாள் காசையும் அவரே கொடுத்துவிடுவார்.

நண்பர்கள் நாலைந்து பேர் என்றால் ஸ்நாக் வேண்டாம். எட்டு நாற்காலியில் ஐந்தை நாமே நிரப்பினால் கடைக்குச் சங்கடம். நொமிஹோதாய் உள்ள இஸகாயா, அப்புறம் கரோக்கே பாக்ஸ் என்று தனி அறை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாட்டு இயந்திரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கிழமையையும் பாருங்கள். சிறு ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பாதி ஸ்நாக் திறக்காது, ஆகஸ்ட் நடுவில் ஒபோன் விடுமுறையிலும் புத்தாண்டின்போதும் பேட்டையே இருண்டு கிடக்கும். வெள்ளி ராத்திரி எல்லாக் கடையும் நிரம்பிவிடும், புதியவருக்கு நாற்காலி கிடைக்காது. முதல் தடவை ஸ்நாக் கதவைத் தள்ளுவதற்குச் செவ்வாயோ புதனோ, எட்டு மணி சுமாருக்குப் போங்கள். அப்போது மாமா-சானுக்கும் பேச ஆள் தேவைப்படும்.